மூணு மாச சீசன்

பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வருஷத்தில் எப்போது வந்தால் நல்லது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் ஒரு வாரியம் வைத்தது. பட்டணத்தில் பால் வாங்கப் போகிற பிள்ளையை நிறுத்திக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். அந்த ஆபத்து இருப்பதாலோ என்னவோ வாரியத்தைப் பட்டணத்தில் வைக்காமல் அம்பத்தூரில் வைத்தார்கள். "நகரை நடுநிலையோடு நோக்க வேண்டுமானால், நகருக்கு வெளியே நின்று நோக்க வேண்டும்" என்று திறப்பு விழாவில் இயக்குநர் கஜபதி முழங்கினார். முழங்கி முடித்ததும் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறி, நகருக்குள் இருக்கும் தம்முடைய வீட்டுக்குப் போய்விட்டார்.

வாரியத்தின் பெயர் 'பெருநகரச் சுற்றுலாப் பருவகாலத் தேர்வாய்வு வாரியம்.' பலகை எழுதியவன் 'தேர்வாய்வு' வரைக்கும் நெருக்கிப் பிடித்து எழுதிவிட்டான். 'வாரியம்' பலகையில் கொள்ளாமல் சுவரில் போய் விழுந்தது. தொழிற்பேட்டையில் குடைக்கம்பி செய்து நொடித்துப்போன ஒரு கம்பெனியின் ஷெட் அது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் தலை வேகும். ஐப்பசியில் உட்கார்ந்தால் தலை நனையும். எது நல்ல காலம், எது கெட்ட காலம் என்று கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் கிடையாது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் அங்கே உட்காருவதில்லை.

உட்கார்ந்தவள் நாகவல்லி. திருமுல்லைவாயிலில் அவள் இருந்த தெருவில் பி.ஏ. படித்த முதல் ஆள் அவள்தான். ஆணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பேர். படிப்பு வந்த பிறகு அது இன்னும் ஒரு முழம் நீண்டுவிட்டது என்பாள் அவள் அம்மா பொன்னியம்மா.

அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே யாரும் ஒருவனுடைய சம்பளத்தைக் கேட்க மாட்டார்கள். "இன்னா சீசன் வெச்சினு கீறான்?" என்றுதான் கேட்பார்கள். லோக்கல் வண்டியில் போய்வர ரயில்வே கொடுக்கிற சீசன் டிக்கெட். அடுத்த மாதம் வேலை இருக்குமோ இருக்காதோ என்று இருப்பவன் மாதச் சீசன் வாங்குவான். வேலை நிலைத்தவன்தான் துணிந்து மூன்று மாதத்துக்கு வாங்குவான். மூணு மாச சீசன் வைத்திருக்கிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள், கடன் கொடுப்பார்கள், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்க இடம் கொடுப்பார்கள். நாகவல்லியின் அப்பா வேம்புலி பெரம்பூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் தற்காலிகக் கூலியாகச் சேர்ந்து, தற்காலிகக் கூலியாகவே நெஞ்சு கெட்டு, வீட்டோடு வந்து உட்கார்ந்தவர். ஆயுசு முழுக்க மாதச் சீசன்தான். அந்த வீட்டுக்குள் மூணு மாச சீசன் நுழைந்ததே இல்லை. பி.ஏ. நுழைந்துவிட்டது, இனி அதுவும் நுழையும் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

பங்குனி மாதம் நேர்முகத் தேர்வு. மேஜைக்கு அந்தப்பக்கம் கஜபதி; பக்கத்தில் வாரியத்தின் வல்லுநர் கலியமூர்த்தி.

"பெருநகரைக் காணச் சிறந்த பருவகாலம் எதுவென்று கருதுகிறாய்?" என்று கேட்டார் கஜபதி.

"மார்கழி, தை. மழை விட்டிருக்கும், வெயில் ஆரம்பிச்சிருக்காது" என்றாள் நாகவல்லி.

கலியமூர்த்திக்கு டீ புரையேறியது. கஜபதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வெளியில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா?"

"இன்னாத்துக்கு சார் சொல்லணும்? எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிந்ததை அரசு ஏற்காது, அம்மா. ஆய்வு செய்யாமல் ஒன்றைத் தெரிந்துகொள்வது ஒருவகைத் திருட்டு." சற்று இளகினார். "நீ சின்னப்பெண். தெரியாமல் தெரிந்துகொண்டுவிட்டாய். மறந்துவிடு. களப்பணியாளர் வேலை தருகிறேன். தற்காலிகம். வாரியத்தின் அறிக்கை அமைச்சர் கைக்குப் போகிற நாளில் நீ நிரந்தரம்."

'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டதும் நாகவல்லி மார்கழியையும் தையையும் அங்கேயே மறந்தாள்.

வாரியத்தில் மூன்று துணைக்குழுக்கள் இருந்தன. வெயில், மழை, புழுக்கம். மூன்றுக்கும் தலைவர் கலியமூர்த்தி. வியர்வை வெயில் குழுவைச் சேர்ந்ததா, புழுக்கக் குழுவைச் சேர்ந்ததா என்று ஒரு சிக்கல் வந்தது. வெயில் குழுத் தலைவர் என்ற முறையில் அவர் எழுதிய கடிதத்துக்குப் புழுக்கக் குழுத் தலைவர் என்ற முறையில் அவரே மறுப்பு எழுதினார். வார்த்தை தடித்தது. 'தங்களுக்கு இது குறித்து அடிப்படை அறிவே இல்லை என்று அஞ்சுகிறேன்' என்று ஒருநாள் தமக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு கடிதங்களையும் டைப் அடித்த கஸ்தூரி, "ரெண்டு பேரும் சொல்றது சரிதான் நாகு" என்றாள்.

சித்திரை பிறந்தது. இயக்குநரும் வல்லுநரும் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினார்கள்.

"கோடையைக் கோடையில் இருந்தபடி பார்ப்பவன் உணர்ச்சிவசப்படுவான். விலகி நின்று பார்ப்பவனே விஞ்ஞானி" என்று காருக்குள்ளிருந்து சொன்னார் கஜபதி. கம்பளிச் சட்டை மடியில் இருந்தது.

ஷெட்டில் நாகவல்லியும் கஸ்தூரியும் மிஞ்சினார்கள். டைப்ரைட்டரைத் தொட்டால் சுட்டது. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஊட்டியிலிருந்து தந்தி வந்தது. 'இங்கே குளிர். அங்கே நிலவரம் என்ன. உடன் தெரிவிக்க.' நாகவல்லி பதில் தந்தி கொடுத்தாள்: 'வேகிறது.' மறுநாள் மறுப்பு வந்தது: 'வேகிறது என்பது அளவையன்று. திருத்தி அனுப்புக.'

"வெந்துடுச்சுன்னு திருத்தி அனுப்பு" என்றாள் கஸ்தூரி.

ஆடியில் மக்கள் கருத்தைக் கேட்க முடிவாயிற்று. கேள்வியை இயக்குநரே இயற்றினார். அதில் ஒரு பிறமொழிச் சொல் நுழைந்தாலும் வேலை போய்விடும் என்று எச்சரித்து நாகவல்லியிடம் கொடுத்தார். 'பெருநகரை உலாவிக் களிக்க ஏற்ற பருவகாலம் யாது?'

அதை எடுத்துக்கொண்டு அவள் திருமுல்லைவாயில் பிளாட்பாரத்துக்குப் போனாள். காலை வண்டிக்கு ஜனம் நெரிந்தது. முதலில் அகப்பட்டவள் கீரைக்கூடை குப்பம்மா.

கேள்வியைக் கேட்டதும் குப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "இன்னாடி கேக்குற? பருவமா? பொண்ணு பெரிசாவுற சமாச்சாரத்த இப்புடி நட்டநடு பிளாட்பாரத்துல நின்னுகினு கேக்குறியே, நீ படிச்சவதானா?"

"அது இல்லக்கா. இது காலம்..."

"எனுக்கு அந்தக் காலம்லாம் தாண்டிப்பூடுச்சு. போ அந்தாண்ட."

அடுத்து பஷீருதீன் பாய். பூந்தமல்லிக்காரர், பெண்டாட்டி ஊர் என்று இங்கே குடிவந்து, மூர் மார்க்கெட்டில் தையல்கடை வைத்திருந்தார். கேள்வியைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "யாதுன்னா இன்னா தங்கச்சி? யாருன்னு கேக்குறியா, ஏதுன்னு கேக்குறியா?" என்றார்.

நாகவல்லிக்குக் கோபம் வந்தது. பாய் மேல் இல்லை; அந்தக் கேள்வியைக் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இயற்றியவர் மேல். காகிதத்தைச் சுருட்டி இடுக்கிக்கொண்டாள்.

"பாய், பட்டணம் போறதுக்கு எது நல்ல சீசன்? அத்த சொல்லு, போதும்."

பாய் முகம் மலர்ந்தது. "அப்புடி கேளு! மூணு மாச சீசன்தான். அதுல சந்தேகமே இல்ல."

நாகவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பாய், நான் அந்த சீசன கேக்கல. வெயிலு, மழை..."

"வெயிலுக்கு ஒரு சீசன், மழைக்கு ஒரு சீசன்னு எந்த ஸ்டேஷன்ல விக்கிறான்? எல்லாத்துக்கும் ஒரே அட்டதான் தங்கச்சி."

போ என்று விரட்டிய குப்பம்மாவே வந்துவிட்டாள். "இன்னா, சீசனா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மூணு மாசந்தான்டி. எம் புள்ளைக்கு மட்டும் வேல நெலச்சு ஒரு மூணு மாச சீசன் வாங்கிட்டான்னா பச்சையம்மாவுக்குப் பொங்க வெக்கிறேன்னு வேண்டிகினு கீறேன். எழுதிக்க!"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எழுதிக்க, எழுதிக்க என்று நாலாபக்கமும் குரல்; அவள் கையும் எழுதிக்கொண்டே போயிற்று. மாதச் சீசன் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை. கையில் மாதச் சீசன் வைத்திருந்தவர்கள்தான் மூணு மாசம் என்று அதிகமாகக் கத்தினார்கள். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தாள்; வண்டி வந்துவிட்டது. கரிப்புகை அடங்கியபோது பிளாட்பாரத்தில் யாருமில்லை.

மறுநாள் அவள் இயக்குநர் முன்னால் நின்றாள். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. 'பருவகாலம்' அவங்களுக்குப் புரியல. 'சீசன்'னு கேட்டேன். அவங்க ரயில்வே சீசன சொல்லிட்டாங்க."

கஜபதி தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் கண்ணில் நீர் திரண்டது. "கலியமூர்த்தி! இங்கே பாருங்கள். ஒரே விடை. எல்லாத் தாளிலும் ஒரே விடை. மூன்று மாதம்!"

"எந்த மூன்று மாதம்?" என்றார் கலியமூர்த்தி.

"அதை மக்கள் சொல்லவில்லை."

"ஆஹா!" கலியமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். "அதுதான் மக்களின் ஞானம். எந்த மூன்று என்று சொல்லியிருந்தால் நம் வேலை முடிந்துபோயிருக்கும்."

"சார், அது டிக்கெட்டு சார்!" என்றாள் நாகவல்லி.

"நீ விளக்கம் சொல்லாதே, அம்மா. விளக்கம் சொல்வது இரண்டாம் நிலை அலுவலர் பணி. அந்தப் பதவி இன்னும் நிரப்பப்படவில்லை."

மூன்று துணைக்குழுக்களும் கூடின. அதாவது கலியமூர்த்தி மூன்று நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார். வெயில் குழு மழை மாதங்களைக் கேட்டது. மழைக் குழு வெயில் மாதங்களைக் கேட்டது. புழுக்கக் குழு வெளிநடப்புச் செய்து டீ குடித்துவிட்டுத் திரும்பியது. கடைசியில் சமரசம்: ஒவ்வொரு மூன்று மாதமும் சிறந்த மூன்று மாதமே. ஆகவே வருஷம் முழுவதும் சிறந்தது.

'சீசன்' என்ற சொல் மட்டும் கஜபதிக்கு உறுத்தியது. "பிறமொழிச் சொல்லாயிற்றே."

"யார் சொன்னது?" என்றார் கலியமூர்த்தி. "சீர், சனம். சீரான சனங்கள் வரும் காலம் சீர்சனம். அது நாளடைவில் சீசன் ஆயிற்று. நம்மிடமிருந்து வெள்ளைக்காரன் எடுத்துப்போன சொல்."

நாகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க ஒரு நாளாவது லோக்கல் வண்டியில ஏறியிருக்கீங்களா? ஏறியிருந்தா இது புரியும்."

கஜபதி கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அறிக்கை நாளை அச்சுக்குப் போகிறது. அது அமைச்சர் கைக்குப் போனால் நீ நிரந்தரம். கோட்டைக்குத் தினமும் கோப்பு எடுத்துப் போக ஆள் வேண்டும்; உன்னைத்தான் நினைத்திருக்கிறேன். உனக்கு நிரந்தரம் வேண்டுமா, விளக்கம் வேண்டுமா?"

தெருவையே வாயடைக்க வைத்த வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

அச்சுக்கூடம் அதன் பங்குக்கு இழுத்தடித்து, ஐப்பசி பிறந்த பிறகுதான் அறிக்கை கட்டுக்கட்டாக வந்தது. அதை அமைச்சர் கையில் கொடுக்கிற விழாவுக்கு நாள் குறித்தார்கள். பொன்னியம்மா முட்டையிடுகிற கோழி இரண்டை விற்று மகள் கையில் கொடுத்தாள். "வேல நெலச்சுப்பூடுச்சுன்னு ஆபீசரே சொல்லிட்டாருல்ல? போயி வாங்கிகினு வா. மாச சீசனோட இந்த ஊட்டுக்குள்ள நொழையாதே." கவுன்ட்டர்க்காரர் வேம்புலி வீட்டுக்கு எத்தனையோ மாதச் சீசன் எழுதிக் கொடுத்தவர். "மூணு மாசமா? சென்ட்ரல் வரிக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார். வீட்டில் வேம்புலி அந்த அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "இது இன்னா தேதி வரிக்கும் போவும்?" என்றார்.

"தை வரிக்கும் நைனா."

"தை வரிக்கும்..." என்று சொல்லிவிட்டு, தம்முடைய சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

விழா அன்று மழை கொட்டியது. குடைக்கம்பி செய்த ஷெட்டில் ஒரு குடை இல்லை. கூரை ஒழுகாத ஒரே இடத்தில் அமைச்சரை உட்கார வைத்தார்கள். கருத்துச் சொன்ன மக்களையும் அழைத்திருந்தார்கள். குப்பம்மா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பஷீருதீன் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

கஜபதி எழுந்தார். "சிலர் கேட்கலாம், இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரியம் தேவையா என்று. நான் அடக்கத்தோடு சொல்கிறேன்: இந்த வாரியம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது!" கைதட்டல். "நாங்கள் வெயிலை அறிவோம், அதனால்தான் வெயிலில் இங்கே இருப்பதில்லை. மழையை அறிவோம், இன்று அமைச்சர் வருகிறார் என்பதால்தான் வந்தோம்." கைதட்டல். அமைச்சர் தலையை ஆட்டினார்; சொட்டிய தண்ணீரை உதறுவதற்காக. "மக்கள் ஒரே குரலில் கேட்டார்கள். மக்கள் கேட்டதை இந்த வாரியம் இன்று வழங்குகிறது. மூன்று மாத சீசன்!"

கொட்டகை அதிர்ந்தது. குப்பம்மா கூடையைத் தூக்கி எறிந்தாள்.

"குடுக்குறாங்களாம்டி! மூணு மாச சீசன் குடுக்குறாங்களாம்!"

"எந்தக் கவுன்ட்டர்லபா?"

"ஸ்டேஷன்ல! வேற எங்க குடுப்பான்? ஓடு!"

அமைச்சர் மாலையைக் கழற்றுவதற்குள் ஷெட் காலி. அம்பத்தூர் ஸ்டேஷனில் வரிசை பிளாட்பாரம் தாண்டித் தெருவில் வளைந்து நின்றது. கவுன்ட்டர்க்காரர் கூட்டத்தைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டார். ஜனம் நனைந்துகொண்டே நின்றது. ஒருவரும் கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே கத்திக் கத்தி விளக்கம் சொன்ன ஒரே ஆள் நாகவல்லி. அவள் பேச்சை யார் கேட்பார்கள்? அவள் கையில்தான் மூணு மாச சீசன் இருந்ததே!

"உனுக்குக் கெடச்சிடுச்சு, அதான் பேசுறே" என்றாள் குப்பம்மா. அதுவரை அவளை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

காரில் திரும்பிய அமைச்சர் ஸ்டேஷன் வரிசையைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். இந்த அடைமழையில் இவ்வளவு பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்டார்.

"பட்டணத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள், ஐயா. அறிக்கையின் பலன்" என்றார் கஜபதி.

ஒரு வாரத்துக்குள் ஆணை வந்தது. வாரியம் நிரந்தரமாக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்று மாதமும் சிறந்ததாகவே இருக்கிறதா என்று ஒவ்வொரு மூன்று மாதமும் கண்காணிக்க வேண்டும். இயக்குநர் நிரந்தரம். வல்லுநர் மூன்று முறை நிரந்தரம். கடிதங்கள் பெருகும் என்பதால் கஸ்தூரியும் நிரந்தரம்.

நாகவல்லிக்கு வந்த காகிதத்தைக் கஸ்தூரிதான் டைப் அடித்தாள். அடிக்கும்போதே மூக்கை உறிஞ்சினாள். "நான் ரெண்டு தடவ தப்பா அடிச்சுப் பார்த்தேன் நாகு. டைரக்டரு திருத்திக் குடுத்துட்டாரு."

நாகவல்லி அதை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். கஜபதி நாற்காலி காட்டினார், அவள் உட்காரவில்லை.

"இன்னா சார் இது? நிரந்தரம்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்போது அந்தப் பதவி இருந்தது. களப்பணியாளர் என்பவர் யார்? கேள்வி கேட்பவர். இப்போது விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த பிறகு கேள்வி கேட்பது வாரியத்துக்கு அவமரியாதை அல்லவா? ஆகவே இனி இந்த வாரியத்தில் கேள்வி கேட்கும் பதவி கிடையாது."

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். பட்டணத்துக்கு எப்ப வந்தா நல்லது? இப்பவாவது உங்களுக்குத் தெரியுமா?"

"அதுதான் அறிக்கையில் இருக்கிறதே."

"நீங்க படிச்சீங்களா?"

"நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் கஜபதி பெருமையோடு.

வேலை போனதை அன்றைக்கு வீட்டில் அவள் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் சொல்லவில்லை. எப்போதும்போலச் சீவி, பூ வைத்து, சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "இன்னாத்துக்குடி பி.ஏ. காகிதத்த எடுத்துகினு போறே?" என்றாள் பொன்னியம்மா. "கோட்டையில கேக்குறாங்க" என்றாள் நாகவல்லி. வேலை தேடிப் போகிறேன் என்று அப்பா எதிரில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மழை விடவில்லை. அம்பத்தூர் வந்தது; பழக்கத்தில் எழுந்தாள்; உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகத் தொழிற்பேட்டைப் பக்கம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிர் பெஞ்சியில் குப்பம்மா கீரைக்கூடையை மடியில் வைத்திருந்தாள். விழா நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்பத்தூரில் இறங்காதவளை இரண்டு தடவை பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு கூடையை நகர்த்தி, "ஜன்னலாண்ட ஈரமா கீது. இந்தாண்ட வந்து குந்து" என்றாள். நாகவல்லி போய் உட்கார்ந்தாள்.

வில்லிவாக்கத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். நனைந்த கோட்டு, நனைந்த முகம், யாரையாவது பிடித்தே தீர வேண்டும் என்ற பார்வை. நாகவல்லி அட்டையை நீட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதியைப் படித்தார். அதைப் படிக்கும்போதே முகம் சற்றுத் தெளிந்தது.

"மார்கழி முழுக்கப் போவுது. தையும் வருது" என்றார். "பட்டணம் போறதுக்கு நல்ல சீசன்தாம்மா."

அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள் நாகவல்லி.

"அத்ததான் சார் நான் மொத நாளே சொன்னேன்."